தோழனின் தோளிலிருந்து நேரசூசிக்கு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போகப் பரமேஸ்வராச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கும் புதுமுக மாணவனுக்குக் கண் தெரியாது என்றால், கைபிடித்து வளாகத்துக்குள் கூட்டிக்கொண்டு போக யாராவது வருவார்கள். இந்த விஷயத்தில் யாழ்ப்பாணத்தைக் குறை சொல்ல ஏலாது. குறிப்பு வாசித்துக் கொடுக்க ஒரு பட்ச் தோழி, சக்கர நாற்காலியை நாலு படி தூக்கிவிட இரண்டு பேர், விடுதியில் தண்ணீர் அள்ளி வைக்க ஓர் அறைத்தோழன். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவியில் பெரும்பங்கு இப்படித்தான் ஓடுகிறது. பரீட்சைக் காலம் வரை ஓடும், பிறகு தடக்கும். வாசித்துக் கொடுத்தவளுக்கும் அதே பாடம், அதே பரீட்சை. தூக்கிவிட்ட இருவரில் ஒருவன் படிப்பு விடுமுறைக்கு ஊருக்குப் போயிருப்பான்.

நட்பின் தலையில் கிடக்கிற வேலைகளில் நிர்வாகம் செய்ய வேண்டியவை எவை என்று பிரித்தெடுத்து, அவற்றை நேரசூசிக்குள்ளும் பரீட்சைக் கிளையின் கோவைக்குள்ளும் கொண்டுபோய் வைப்பதுதான் உதவித் திட்டத்தின் வேலை. உபகரணம் வாங்குவது அதில் சின்னப் பங்கு. விரிவுரையை மேல்மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்ற ஒரு சதமும் செலவில்லை. ஆனால் நேரசூசி அச்சாகுமுன் கேட்டால்தான் நடக்கும். மூன்றாம் கிழமையில் கேட்டால் ஐந்து விரிவுரையாளர்களையும் இரண்டு துறைத் தலைவர்களையும் சம்மதிக்க வைக்க வேண்டி வரும். கேட்டவர் சலித்துப்போய், “பரவாயில்லை சேர், பெடியள் தூக்கிவிடுவாங்கள்” என்று விட்டுவிடுவார்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. 2006 இல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களைத் திருத்த மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்தன. அந்த அவகாசம் போய் வெகுகாலம். புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளுக்கு அமையவே கட்டப்பட வேண்டும் என்று 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் கட்டளையிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்டது. கடிதத்தில் இவற்றில் ஒன்றைக் குறிப்பிட்டால் போதும். நான்கையும் அடுக்கினால் அதை வாசிக்கிற உதவிப் பதிவாளர் வழக்கு வரப்போகிறது என்று நினைத்து, தான் முடிவெடுக்காமல் மேலே அனுப்பிவிடுவார். மேலே போன கடிதம் இறங்கி வர ஒரு செமஸ்டர் ஆகும்.

அனுமதிக்கு வருவோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பார்வைக் குறைபாடும் வேறு குறைபாடுகளும் உள்ளவர்களுக்கான விசேட ஏற்பாடு தனிப் பகுதியாக வரும். வெட்டுப்புள்ளியில் சலுகை இருந்தாலும், ஒரே அமர்வில் மூன்று பாடச் சித்தியும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் என்ற குறைந்தபட்சத் தகைமை எல்லாருக்கும் உள்ளதுதான். அந்தந்த ஆண்டின் கைநூலையே வாசியுங்கள். ரியூசன் சேர் சொன்னதும் போன பட்ச் அண்ணா சொன்னதும் பழைய கைநூலில் உள்ளவையாக இருக்கலாம். கைதடி நவீல்ட் பாடசாலையிலோ சுன்னாகம் வாழ்வகத்திலோ தங்கிப் படித்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஆட்கள் உண்டு. சாதாரண பாடசாலையில் தனி ஆளாகப் படித்து வந்தவருக்குத்தான் இது தவறிப்போகிறது. க.பொ.த. உயர்தரத்தில் மேலதிக நேரமோ எழுத்துதவியாளரோ பிரெயில் வினாத்தாளோ பெற்றிருந்தால், பரீட்சைத் திணைக்களம் அதற்குத் தந்த கடிதத்தின் பிரதியைப் பத்திரமாக வையுங்கள். பல்கலைக்கழகத்தில் அதைவிடப் பலமான ஆவணம் கிடைக்காது. “இவருக்கு முன்பே இது வழங்கப்பட்டிருக்கிறது” என்ற ஒரு வரி, மூன்று வைத்திய அறிக்கைக்குச் சமம்.

வைத்திய அறிக்கையில் ஒரு சிக்கல் இருக்கிறது. போதனா வைத்தியசாலையின் கண் வைத்திய நிபுணர் “வலது 6/60, இடது 3/60” என்று எழுதித் தருவார். வேறொருவர் 60 மீற்றரில் நின்று காண்பதை இவர் வலது கண்ணால் 6 மீற்றரிலும் இடது கண்ணால் 3 மீற்றரிலும் நின்றால்தான் காண்பார் என்பது அதன் பொருள். வைத்தியருக்கு அது முழுக்கதை. விரிவுரையாளருக்கோ அது ஓர் எண் மட்டும். கரும்பலகை தெரியுமா, ஸ்லைட் தெரியுமா, இரவில் தனியே விடுதிக்குப் போகலாமா என்று அந்த எண் சொல்லாது. ஆகவே வைத்திய அறிக்கையோடு ஒரு தேவைத் தாள் வேண்டும். ஒரே பக்கம், இரண்டாம் பக்கத்தை யாரும் புரட்ட மாட்டார்கள்.

“எனக்குப் பார்வைக் குறைபாடு உண்டு, தயவுசெய்து உதவவும்” என்று அதில் எழுதினால் யாருக்கும் ஒன்றும் செய்யத் தோன்றாது. செய்யக்கூடியதை, செய்ய வேண்டியவரின் பெயரில் எழுத வேண்டும். “கரும்பலகையில் எழுதியிருப்பது என் கண்ணுக்குத் தெரியாது. எழுதும்போது வாயாலும் சொல்ல வேண்டும். ஸ்லைட் கோப்பு முதல்நாள் மாலைக்குள் மின்னஞ்சலில் வேண்டும், பிடிஎஃப் ஆக அல்ல, மூலக் கோப்பாக. வினாத்தாள் 20 புள்ளி அளவு எழுத்தில், ஏ4 தாளில். ஒரு மணித்தியாலத்துக்கு 15 நிமிடம் மேலதிக நேரம். வெயில் நேரே முகத்தில் விழாத இருக்கை.” முதல் மூன்று வரியும் விரிவுரையாளருக்கு. வினாத்தாளும் நேரமும் பரீட்சைக் கிளைக்கு. கடைசி, மண்டப மேற்பார்வையாளருக்கு. நோயின் பெயர் இந்தத் தாளில் வரவே தேவையில்லை. அது வைத்திய நிலையக் கோவைக்குள் இருந்தால் போதும். வலிப்பு, மனநலச் சிகிச்சை, எச்.ஐ.வி. போன்றவை உள்ளவர்களுக்கு இந்தப் பிரிப்பு மிக முக்கியம். துறை அலுவலகத்து மேசையில் கிடக்கிற கடிதத்தைத் தேநீர் கொண்டுவருபவரும் வாசிப்பார்.

தாள் போக வேண்டிய வழி: மாணவர், பல்கலைக்கழக வைத்திய அதிகாரி, பீடத்தின் மாணவ ஆலோசகர், பீடாதிபதி. அங்கிருந்து துறைகளுக்கும் பரீட்சைக் கிளைக்கும் விடுதிக் காப்பாளருக்கும் பிரதி. மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அலகோ இணைப்பாளரோ உள்ள இடத்தில் அவரிடமிருந்து தொடங்கலாம். கையளிக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். ஆலோசகரிடம் வாயால் சொல்லி அவர் “ஓம் ஓம், பாப்பம்” என்றதை நம்பிப் பரீட்சை மண்டபம் வரை போனவர்கள் அதிகம். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் எழுபது பேரின் அலுவல்.

இனிக் கோப்புகள். பார்வைக் குறைபாடுள்ளவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் உள்ள மிகப் பெரிய தடை படிக்கட்டு அல்ல, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பிரெயில் அச்சு இயந்திரம் வாங்கப் பணம் தேடி அலைகிற நேரத்தில் இதைத் திருத்தியிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். பாமினி எழுத்துருவில் தட்டிய “தமிழ்” என்ற சொல் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கோ அது ஜே, கே, பி, ஓ என்ற நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) அதை ஆங்கிலச் சொல்லாக நினைத்து வாசிக்கப் பார்க்கும். கேட்பவருக்கு வெறும் உளறல். பத்து வருடமாக அதே குறிப்பைக் கொடுத்துவரும் விரிவுரையாளருக்கு இது தெரிய நியாயமில்லை. அவர் திரையில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

மாற்றுவது லேசு, பிழைவிடுவதும் லேசு. யுனிகோட்டில் தட்டிய தமிழ் எழுத்து கணினிக்கும் தமிழாகவே இருக்கும். பாமினி–யுனிகோட் மாற்றிகள் இணையத்தில் இலவசம். முழுக் கோப்பையும் அள்ளி அதில் போட்டால், இடையில் வருகிற ஆங்கிலச் சொற்களும் மேற்கோள்களும் ஆண்டு அடைப்புகளும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். வேர்டில் தேடல் பெட்டியின் வடிவமைப்புப் பகுதிக்குப் போய், எழுத்துரு பாமினி என்று கொடுத்தால் பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் தெரிவு செய்யலாம். அவற்றை மட்டும் மாற்றுங்கள். அட்டவணைகளைக் கலம் கலமாகத்தான் மாற்ற வேண்டும். முடிந்தபின் ஒரு பக்கத்தைத் திரைவாசிப்பானில் ஓடவிட்டுக் கேளுங்கள். கண்ணால் சரிபார்த்துப் பயனில்லை. இனிமேல் தட்டுவதற்குப் பழக்கத்தை மாற்ற வேண்டியதும் இல்லை. பாமினி விசைப்பலகை அமைப்பிலேயே யுனிகோட்டில் தட்ட மென்பொருள்கள் உண்டு, விரல்கள் பழைய இடத்துக்கே போகும். துறைத் தட்டச்சாளருக்கு இதைக் காட்டிக் கொடுக்க அரை நாள் போதும். ஐந்து வருடக் குறிப்புகள் அவர் கையால்தான் வெளியே போகின்றன என்பதால், முதலில் போய்ப் பார்க்க வேண்டிய ஆள் அவர்.

என்விடிஏ இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. உலோகச் சத்தமாக இருந்தாலும் வேகம் கூட்டினால் தெளிவு கெடாது. விண்டோஸில் தமிழ் மொழிப் பொதியைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற குரல் வரும், கேட்க இதமானது. பழகியவர்கள் படிக்க ஈஸ்பீக்கையும் ஆறுதலாகக் கேட்க வள்ளுவரையும் வைத்துக்கொள்வார்கள். அன்ட்ரொயிட் தொலைபேசியில் டோக்பேக் இருக்கிறது. லப்டொப் இல்லாதவருக்கு முதல் செமஸ்டர் அதிலேயே ஓடிவிடும்.

அடுத்த தடை போட்டோக் கொப்பி. மூன்று தலைமுறைக் கொப்பியை ஸ்கான் பண்ணிய பிடிஎஃப் வெறும் படம், அதில் எழுத்து இல்லை. கூகிள் டிரைவில் ஏற்றி கூகிள் டொக்ஸில் திறந்தால் தமிழையும் எழுத்தாக்கித் தரும். கோப்பு 2 மெகாபைட்டுக்குள் இருந்தால் நல்லது, ஆகவே அத்தியாயம் அத்தியாயமாகப் பிரியுங்கள். ஸ்கான் 300 டிபிஐ இல், நேராக, நடுமடிப்பின் நிழல் விழாமல். பிழைகள் எப்போதும் ஒரே இடங்களில்தான் வரும்: ரகரமும் துணைக்காலும் மாறிவிடும், ஒற்றுப்புள்ளி காணாமல் போகும், இரு பத்தி அச்சில் இடப் பத்தியின் முதல் வரியோடு வலப் பத்தியின் முதல் வரி ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டையும் கேட்பவர் ஊகித்துவிடுவார். மூன்றாவது முழு அர்த்தத்தையும் குலைத்துவிடும். ஸ்கான் பண்ணுமுன் பத்திகளை வேறாக வெட்டிவிடுங்கள். திருத்துவதற்கு ஒருவர் பார்த்தேயாக வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் வைத்துக்கொண்டால் 200 பக்க நூலுக்கு முப்பத்து மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போகும். அதைத் தோழியின் தலையில் கட்டாமல் நூலகத்தின் வேலையாக்கினால், ஒருமுறை திருத்திய நூல் அடுத்த பட்சுக்கும் இருக்கும். பார்வைக் குறைபாடுள்ளவர்களுக்காக நூல்களை அணுகத்தக்க வடிவத்துக்கு மாற்ற வழிவிடும் மராகேஷ் உடன்படிக்கையில் இலங்கை 2016 இல் இணைந்தது. பதிப்புரிமைப் பயத்தில் கைகட்டி நிற்கும் நூலகரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஸ்லைடுக்கு ஒரு சின்னச் சோதனை. பவர்பொயின்ற்றில் அவுட்லைன் பார்வையைத் திறந்து பாருங்கள். உங்கள் எழுத்து அங்கே தெரியவில்லை என்றால் அது தனிப் பெட்டிகளில் கிடக்கிறது. திரைவாசிப்பான் அவற்றை நீங்கள் செய்த ஒழுங்கில் வாசிக்கும், கண் வாசிக்கிற ஒழுங்கில் அல்ல. தலைப்பு கடைசியில் வரவும் கூடும்.

பிரெயில் தேவையா? கணினி பழகியவர் பாடநூல் முழுவதையும் பிரெயிலில் கேட்பதில்லை. ஒரு ஏ4 பக்கம் தமிழ் பிரெயிலில் ஏறத்தாழ மூன்று பக்கமாகும், தாளும் தடிப்பு, 100 பக்கக் கைநூல் தூக்கு நிறையாகிவிடும். ஆனால் புள்ளிவிபரம், ஒலிப்பியல், சமஸ்கிருதம், சங்கீத சுரக்குறிப்பு என்று எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டியவற்றுக்குப் பிரெயிலுக்கு மாற்றே இல்லை. புவியியல் வரைபடத்துக்கு ஒட்டுப்பசையும் நூலும் போதும். எல்லைக்கோட்டின் மேல் பசையை மெல்லிய கயிறாகப் பிதுக்கி ஒரு இரவு காயவிட்டால் விரலுக்குத் தெரியும். ஒரு படத்தில் ஐந்து விஷயத்துக்கு மேல் வேண்டாம். ஆறுகளும் வீதிகளும் மாவட்ட எல்லையும் ஒன்றாக இருந்தால் விரல் குழம்பும்.

பரீட்சையில்தான் திட்டங்கள் தோற்கின்றன. ஒரு மணித்தியாலத்துக்கு 15 நிமிடம் மேலதிகம் என்று அனுமதி கிடைக்கிறது என்று வைப்போம். 9 மணிக்குத் தொடங்கும் மூன்று மணித்தியாலப் பரீட்சை 12.45 க்கு முடியும். அடுத்தது 1 மணிக்கு. சாப்பாடு, மலசலகூடம், இன்சுலின் எல்லாவற்றுக்கும் 15 நிமிடம். அனுமதி கொடுத்தவரும் நேரசூசி போட்டவரும் இரு வேறு ஆட்கள் என்பதால் இது யாருடைய கண்ணிலும் படாது. முதல் பரீட்சையை 8.15 க்குத் தொடங்கினால் மற்றவர்களோடு 12 க்கு முடியும், வினா வெளியே போகும் பயமும் இல்லை. ஆனால் அதற்கு அவருடைய வினாத்தாள் தனி உறையில் முத்திரையிட்டிருக்க வேண்டும். ஒரே பொதியில் இருந்தால் 9 மணிக்கு முன் உடைக்க மாட்டார்கள், அது சரியான விதியும்கூட. எனவே வினாத்தாள் அச்சுக்குப் போகும்போதே உறை எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டச் சொல்ல வேண்டும். குறைந்தது எட்டுக் கிழமைக்கு முன் கடிதம் வேண்டும் என்பது இதனால்தான்.

பெரிய எழுத்து வினாத்தாள் என்றவுடன் ஏ4 ஐ ஏ3 ஆகப் பெருப்பித்துக் கொடுப்பது வழக்கம். 141 வீதப் பெருப்பம், அதாவது 11 புள்ளி எழுத்து 15 தசம் 5 ஆகும். 20 கேட்டவருக்கு அது காணாது. அத்தோடு அந்தத் தாள் பரீட்சை மேசையை மூடிவிடும், விடைத்தாளை மடியில் வைத்துத்தான் எழுத வேண்டும். கோப்பைத் திறந்து எழுத்தளவை மாற்றி, வரி இடைவெளியை ஒன்றரை ஆக்கி, ஏ4 இலேயே அச்சிடுங்கள். மேல்விலங்கும் சுழியும் உள்ள தமிழ் எழுத்துகளுக்கு இடைவெளி எழுத்தளவைப் போலவே முக்கியம். அட்டவணை இரண்டு பக்கத்துக்குப் பிரிந்திருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள்.

எழுத்துதவியாளர் விஷயத்தில் இரண்டு பக்கமும் பிழை நடக்கும். பாடம் தெரிந்தவர் என்றால் விடை சொல்லிக் கொடுப்பார் என்ற சந்தேகம். பாடமே தெரியாதவர் என்றால் “சராசரிக்கு மேல் கோடு போடு” என்பதும் விளங்காது. வேறு துறையின் கீழ் வகுப்பு மாணவர், ஆனால் அந்தப் பாடத்தின் குறியீடுகளையும் கலைச்சொற்களையும் ஒரு பக்கத்தில் முன்பே பார்த்தவர் என்பதே நடைமுறைக்கு ஏற்றது. பரீட்சைக்கு முன் பழைய வினாத்தாள் ஒன்றோடு இருவரும் குறைந்தது இரண்டுமுறை சேர்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். சொல்லும் வேகமும் எழுதும் வேகமும் ஒத்துப்போக அவ்வளவு வேண்டும். மாற்று ஆள் ஒருவரின் பெயரும் பட்டியலில் இருக்கட்டும், காய்ச்சல் யாருக்கும் வரும். தனி அறை கட்டாயம். மண்டப மூலையில் இருத்தினால் சொல்பவர் குரலைத் தாழ்த்துவார், எழுதுபவர் பிழையாகக் கேட்பார், பக்கத்து மேசைக்காரர் நன்றாகக் கேட்பார்.

கணினியில் எழுதுபவருக்கு: பல்கலைக்கழகக் கணினி, இணையம் துண்டித்தது, திரைவாசிப்பான் முன்னாளே நிறுவி அவரே இயக்கிப் பார்த்தது, ஹெட்போன், மின்வெட்டுக்குத் தாங்கும் பற்றரி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்க வேண்டும். முடிவில் அங்கேயே அச்சிட்டு ஒவ்வொரு பக்கத்திலும் மாணவரும் மேற்பார்வையாளரும் ஒப்பமிட வேண்டும். பிரிண்டர் இல்லாத அறையைக் கொடுத்துவிட்டுப் பென்டிரைவில் எடுத்துப்போகும் பழக்கம் பின்னால் விடைத்தாள் தகராறில்தான் முடியும். எல்எம்எஸ் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் வைக்கும் சிறு வினாக்களையும் மறக்க வேண்டாம். அந்தத் தளம் ஓடும் மூடில் மென்பொருளில் வினாத்தொகுதிக்குள் போய், தனிப் பயனருக்கான விதிவிலக்கு என்ற இடத்தில் அவருக்கு மட்டும் 30 நிமிடத்தை 40 ஆக்கலாம். இரண்டு நிமிட வேலை, விரிவுரையாளர் பலருக்கு அப்படி ஒரு பொத்தான் இருப்பதே தெரியாது.

சக்கர நாற்காலிக்கும் ஊன்றுகோலுக்கும் வருவோம். வளாகம் 1974 இல் பழைய பரமேஸ்வராக் கல்லூரி வளவில் தொடங்கியது. அந்தக் காலக் கட்டடங்களுக்கு அத்திவாரம் உயரம், வாசலில் படி. சாய்தளத்தின் கணக்கு 1 க்கு 12: ஆறு அங்குலப் படி மூன்று என்றால் 18 அங்குல உயரம், அதற்கு 18 அடி நீளம் வேண்டும். இடம் காணாதென்று 6 அடியில் போட்டால் அது சாய்தளம் அல்ல, சறுக்கு. மேலேயும் கீழேயும் ஐந்தடிச் சமதரை வேண்டும், இல்லையென்றால் கதவைத் திறக்கக் கையை விட்டவுடன் நாற்காலி பின்னால் உருளும். நம் பக்கத்துப் பிழைகள் வேறு: சாய்தளம் முடியும் இடத்தில் மூடியில்லாத வாய்க்கால், வழுக்கும் தரை ஓடு, அதன்மேல் நிறுத்திய மோட்டார் சைக்கிள்கள். சக்கர நாற்காலி மலசலகூடத்தைக் கட்டிவிட்டுப் பூட்டி, உள்ளே தும்புத்தடியும் பழைய பெயின்ற் வாளியும் அடுக்கி வைப்பதும் உண்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் மூன்று பேரைக் காட்டுவார்கள்.

நாற்காலியின் பின்சக்கரப் பஞ்சரை எந்தச் சைக்கிள் கடையிலும் ஒட்டலாம், அதில் நாம் அதிர்ஷ்டசாலிகள். கெடுவது முன் சிறுசக்கரம். மணல் பெயரிங்கைத் தின்றுவிடும், கிழமைக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விட வேண்டும். செயற்கைக் கால் உள்ளவர்களுக்கு யாழ்ப்பாணத்திலேயே ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது. இப்போது முதலாம் வருடத்துக்கு வருபவர்கள் யுத்தம் முடிந்த 2009 இல் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள். அப்போது காலை இழந்தவருக்கு வளர வளரக் கிண்ணத்தை, அதாவது எஞ்சிய கால் பொருந்தும் பகுதியை, மாற்றி வந்திருப்பார்கள். வளாகத்தில் நடை கூடி, மெலிந்தோ பருத்தோ போனால் அது மறுபடி உரசும். தோல் சிவந்தவுடன் போனால் ஒரு நாள் வேலை. புண்ணான பின் போனால் ஆறும் வரை கால் போட ஏலாது, வரவு வேண்டிய 80 வீதத்துக்குக் கீழே இறங்கும். பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் படிப்பவர்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில். அங்கிருந்து வந்துபோக ஒரு முழு நாள் போகும். அந்த நாளை வைத்திய விடுப்பாக முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

விடுதியில் கீழ்த்தள அறை, கொமட் உள்ள மலசலகூடம், குழாய் நீர். கிணற்றில் அள்ளி வாளி தூக்கும் இடத்தை ஒரு கையால் வாழ்பவருக்குக் கொடுத்துவிட்டு “அறைத்தோழன் பார்ப்பான்” என்பது ஏற்பாடு ஆகாது.

செவிப்புலன் குறைந்தவர்களுக்கு நம் பல்கலைக்கழகங்களில் வழி இன்னும் ஒடுக்கம். தமிழ்ச் சைகைமொழி பெயர்ப்பாளர்கள் மிகக் குறைவு. அவர்களிலும் பொருளியலோ சட்டமோ சைகையில் சொல்லத்தக்கவர்கள் இன்னும் குறைவு. ஆகவே எழுத்தை நம்ப வேண்டியிருக்கிறது. கூகிளின் உடனடி எழுத்தாக்கச் செயலி தமிழையும் எழுதிக் காட்டும், ஆனால் மண்டபத்தின் கடைசி வாங்கில் வைத்த தொலைபேசிக்குக் கேட்பது மின்விசிறிச் சத்தம்தான். விரிவுரையாளரின் சட்டையில் குத்தும் சிறு மைக் ஒன்றை இணைத்தால் வித்தியாசம் நம்ப முடியாததாக இருக்கும். அப்போதும் ஆங்கிலக் கலைச்சொல் கலந்தவுடன் பிழைக்கும், பாடச்சொற்களின் பட்டியல் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் ஊகிக்கலாம். செவிப்பொறி போட்டவர்கள் உதட்டையும் சேர்த்து வாசிப்பார்கள். பலகைக்கு முகம் திருப்பிப் பேசுகிற கணத்தில் அவர்களுக்கு வகுப்பு நின்றுவிடும். ஆங்கிலப் பாடத்தின் கேட்டல் பகுதிக்குப் பதிலாக வாசிப்புப் பகுதி கேளுங்கள். அதையும் பாடநெறி தொடங்கும்போதே எழுத்தில்.

கண்ணுக்குத் தெரியாதவை: வலிப்பு, தலசீமியா, மன அழுத்தம், எழுத்து வாசிப்பில் இடர். இவர்களுக்குக் கட்டடம் தடையில்லை, வரவுப் பதிவேடுதான் தடை. ஒரு கிழமை நன்றாக இருந்து மறு கிழமை விழுபவருக்கு ஒவ்வொரு தடவையும் புதிய வைத்தியச் சான்றிதழ் கேட்பது தண்டனை. செமஸ்டர் தொடக்கத்திலேயே வைத்திய அதிகாரி ஒரு கடிதத்தில், “இவருக்கு இடைக்கிடை இப்படி நேரலாம், இத்தனை நாள் வரை” என்று எழுதிவைக்கலாம். பகிடிவதையும் இவர்களைத்தான் கூடுதலாகத் தாக்கும். நித்திரை குலைந்தால் வலிப்பு வருபவரை இரவிரவாக நிற்க வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது குற்றம். சிரேஷ்ட மாணவருக்கு அதைச் சொல்ல வேண்டியவர் ஆலோசகர், பாதிக்கப்பட்டவர் அல்ல.

நட்பை விட்டுவிடச் சொல்லவில்லை. குறிப்பெடுத்துக் கொடுப்பவரை அந்தப் பட்சிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒருவர் அல்ல, இருவர். ஒருவர் வராத நாளில் மற்றவர் இருப்பார், ஊர்க் கதைக்கும் இடமிருக்காது, ஆணும் பெண்ணும் சேர்ந்து இருந்து படித்தால் நம் சனம் சும்மா விடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அவர்களுக்குச் சிறு கொடுப்பனவோ ஒரு சான்றிதழோ கொடுங்கள். கொடுத்தால் “நேற்றுக் குறிப்பு வரவில்லை” என்று கேட்கலாம். இலவச உதவியைப் பெறுபவர் அப்படிக் கேட்க மாட்டார்.

மூன்றாம் வருடத்திலிருந்து வேலைக்கான ஆவணங்களையும் சேர்க்கத் தொடங்குங்கள். அரச, கூட்டுத்தாபன வேலைகளில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்லும் 27/88 பொது நிருவாகச் சுற்றறிக்கை 1988 இலிருந்து இருக்கிறது. விண்ணப்பத்தில் அதன் இலக்கத்தை எழுதாமல் விட்டால் அங்கே யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

ஆலோசகர் பதவி மாறும், உதவிப் பதிவாளருக்கு இடமாற்றம் வரும், அவரோடு எல்லா நினைவும் போய்விடும். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் ஒரு கையளிப்புக் கோவை தயாராக இருக்கட்டும்: நடப்பிலுள்ள தேவைத் தாள்கள், பரீட்சைக் கிளைக்குப் போன கடிதங்களின் பிரதி, எழுத்துதவியாளர் பட்டியல், யுனிகோட்டுக்கு மாற்றிய கோப்புகள் எந்தக் கணினியில் எந்தக் கோப்புறையில் என்ற குறிப்பு, மைக்கின் பற்றரி வாங்கும் கடை. கடைசிப் பக்கத்தில் சாவிகள்: லிஃப்டின் சாவி யாரிடம், தனிப் பரீட்சை அறையின் சாவி யாரிடம், அந்த மலசலகூடத்தின் சாவி யாரிடம், அவர் லீவு என்றால் அடுத்தவர் யார்.